மின்சார வண்டிக்கு அரசு சலுகை: மலையில் இருப்பவர் போட வேண்டிய கணக்கு

"அண்ணா, ரோடு டாக்ஸ் கிடையாதுன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு இந்தச் சீட்டுல இவ்வளவு தொகை ஏறியிருக்கு?"

குன்னூரில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் தம்பி ஒருவர் கொட்டேஷன் சீட்டை நீட்டிக் கேட்ட கேள்வி இது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கோயம்புத்தூரில் ஒரு ஷோரூமுக்குப் போய் மின்சார ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வண்டி விலைக்குக் கீழே இன்சூரன்ஸ், சார்ஜர், நம்பர் பிளேட், கையாளும் கட்டணம் என்று வரிசையாக இருந்தது. நடுவில் "ஆர்டிஓ செலவு" என்று ஒரு தொகை. அது எதற்கு என்று அந்தச் சீட்டில் எங்கேயும் எழுதவில்லை.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மலையில் மின்சார வண்டி வாங்க நினைக்கும் பலருக்கும் இதே குழப்பம் இருக்கிறது. "அரசு சலுகை தருகிறது" என்ற ஒரே பேச்சுக்குள் மத்திய அரசு தருவதும், மாநில அரசு தருவதும், கடைக்காரர் தருவதும் கலந்து கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

முதலில் மாநில அரசின் பங்கு. தமிழ்நாட்டில் சொந்த உபயோகத்துக்கு வண்டி வாங்கினால், பதிவு செய்யும்போதே ஆயுள்கால வரியை மொத்தமாகக் கட்டிவிட வேண்டும். இதைத்தான் நாம் ரோடு டாக்ஸ் என்கிறோம். 2023 நவம்பரில் இந்த வரி உயர்ந்தது. புது இருசக்கர வண்டியின் விலை ஒரு லட்சம் ரூபாய் வரை இருந்தால் விலையில் 10 சதவீதம், அதற்கு மேல் போனால் 12 சதவீதம். கார் என்றால் ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கும் மேல் 20 சதவீதம்.

பேட்டரியில் ஓடும் வண்டிக்கு இந்த வரியை முழுவதுமாக விட்டுக்கொடுப்பதுதான் மாநிலத்தின் முக்கியமான சலுகை. 2019இல் வந்த முதல் மின்வாகனக் கொள்கை இதை 2022 இறுதி வரை தந்தது. 2023 பிப்ரவரியில் வந்த திருத்திய கொள்கை 2025 டிசம்பர் 31 வரை என்று தேதி குறித்தது. வரியோடு பதிவுக் கட்டணத்துக்கும், வாடகை வண்டி என்றால் பர்மிட் கட்டணத்துக்கும் விலக்கு என்றது. ஆக, இது தேதி போட்ட சலுகை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அரசாணை வருகிறது. வரி பதிவின்போது கட்டுவது என்பதால் பதிவு நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. முன்பணம் கட்டிய நாளை நம்பிவிடக் கூடாது. மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ வண்டியை எடுத்து ஊட்டியில் பதிவு செய்கிறோம். இடையில் சில நாட்கள் ஓடிவிடும். ஆணை முடியும் தேதிக்குப் பக்கத்தில் வண்டி வாங்குகிறீர்கள் என்றால் இதை ஷோரூமில் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இப்போது தம்பியின் ஸ்கூட்டர். விலை 1,20,000 ரூபாய். இதே விலையில் பெட்ரோல் வண்டி என்றால் 12 சதவீதம், அதாவது 14,400 ரூபாய் வரி. மின்சார வண்டிக்கு அது பூஜ்யம். இந்தப் பணம் யார் கைக்கும் வருவதில்லை, கட்டாமல் விடுகிறோம், அவ்வளவுதான். அதனாலேயே பலருக்கு இப்படி ஒரு சலுகை கிடைத்ததே தெரிவதில்லை. கிடைக்காமல் போனாலும் தெரிவதில்லை என்பதுதான் கவலை.

பதிவுக் கட்டணத்தைப் பொறுத்தவரை இன்னொரு பாதுகாப்பும் உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பேட்டரி வண்டிக்கு ஆர்.சி. கொடுப்பதற்கும், அதைப் புதுப்பிப்பதற்கும், புதுப் பதிவெண் ஒதுக்குவதற்கும் கட்டணம் இல்லை என்பது அதன் சாரம். பதினைந்து வருடம் கழித்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போதும் இது உதவும். இவ்வளவுக்குப் பிறகும் சீட்டில் "ஆர்டிஓ செலவு" என்று பெரிய தொகை இருந்தால், அது எந்தக் கட்டணம், ரசீது வருமா என்று கேட்பது உங்கள் உரிமை. தம்பி கேட்டார். மறுநாள் வந்த புதுச் சீட்டில் அந்தத் தொகை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மீதி, நம்பர் பிளேட்டும் கடன் பதிவுச் செலவும் என்று எழுதியிருந்தார்கள். முதலிலேயே அப்படி எழுதியிருக்கலாம்.

அடுத்து மத்திய அரசின் மானியம். இது விலையிலேயே கழிந்து வரும். 2019 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை ஃபேம் இரண்டாம் கட்டம் என்ற திட்டம் இருந்தது. இருசக்கர வண்டிக்கு அதில் ஒரு காலத்தில் பேட்டரி அளவில் யூனிட்டுக்கு 15,000 ரூபாய் வரை கிடைத்தது. அந்தக் காலத்தில் வண்டி வாங்கியவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இப்போது கடைக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் முதலில் யூனிட்டுக்கு 5,000 ரூபாய், வண்டிக்கு அதிகபட்சம் 10,000. 2025 ஏப்ரலிலிருந்து அது பாதியானது: யூனிட்டுக்கு 2,500, வண்டிக்கு அதிகபட்சம் 5,000. இருசக்கர வண்டிக்கான இந்த மானியம் 2026 மார்ச் 31 வரைதான் என்று 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு சொன்னது.

பேட்டரி அளவை யூனிட்டில் சொல்வது சிலருக்குப் புதிதாக இருக்கலாம். ஈ.பி. பில்லில் வரும் அதே யூனிட்தான். மூன்று கிலோவாட் மணி பேட்டரி என்றால், அதில் மூன்று யூனிட் மின்சாரம் பிடிக்கும். 2025 ஏப்ரலில் வந்த கணக்கில் மூன்று யூனிட் பேட்டரிக்கு 7,500 ரூபாய் வந்திருக்க வேண்டும். ஆனால் உச்சவரம்பு 5,000 என்பதால் அதோடு நின்றுவிட்டது. இரண்டு யூனிட் பேட்டரி வாங்கியவருக்கும் அதே 5,000தான். "பெரிய பேட்டரி எடுத்தால் மானியம் அதிகம்" என்று யாராவது சொன்னால் இந்த உச்சவரம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோகக் காருக்கு இந்த மத்திய மானியம் கிடையாது. ஃபேம் இரண்டாம் கட்டத்திலும் வாடகை, வணிக உபயோகக் கார்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாகக் காருக்கும் ஸ்கூட்டருக்கும் பொதுவாக இருப்பது ஜி.எஸ்.டி. குறைப்பு. 2019 ஆகஸ்டிலிருந்து மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பெட்ரோல் ஸ்கூட்டருக்கும் சின்னக் காருக்கும் 28 சதவீதம் இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதனால் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி முன்பைவிடச் சுருங்கிவிட்டது. பழைய ஒப்பீட்டுப் பட்டியல்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

வருமான வரியில் மின்வாகனக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை கழிவு உண்டே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு மட்டும். புதுக் கடனுக்கு இல்லை.

மனதில் உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வரி விலக்கு சதவீதக் கணக்கில் இருப்பதால், வண்டி விலை ஏற ஏறச் சலுகையும் ஏறுகிறது. 14 லட்ச ரூபாய் மின்சாரக் காருக்கு 18 சதவீதம் என்றால் 2,52,000 ரூபாய் வரி தள்ளுபடி. ஊட்டியில் மழையிலும் மூடுபனியிலும் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் பையனுக்கு ஸ்கூட்டரில் கிடைப்பது 14,400 ரூபாய். கார் வாங்குபவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் புகை விடாத வண்டியைத்தானே வாங்குகிறார். ஆனால் பொதுப் பணத்தில் விட்டுக்கொடுக்கும்போது ஒரு மேல்வரம்பு இருப்பது நியாயம் என்று நினைக்கிறேன். 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு இணையவழிச் சேவைத் தொழிலாளர்கள் 2,000 பேருக்குப் புது மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. இந்த மாதிரி உதவிதான் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்கிறது. எண்ணிக்கைதான் ரொம்பக் குறைவு.

பக்கத்து மாநிலங்கள் அந்த மேல்வரம்பை நோக்கி நகர்ந்துவிட்டன. கூடலூரில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். ஒரு பக்கம் நாடுகாணி தாண்டினால் கேரளா, இன்னொரு பக்கம் முதுமலை தாண்டினால் கர்நாடகா. "அங்கே எடுத்தால் விலை குறையுமா?" என்று கேட்பது சகஜம். கர்நாடகா முன்பு எல்லா மின்சார வண்டிக்கும் வரி விலக்குத் தந்தது. 2024இல் 25 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 10 சதவீத ஆயுள் வரி கொண்டுவந்தது. கேரளாவில் முன்பு மின்சாரக் காருக்குப் பொதுவாக 5 சதவீத வரி. 2025-26 பட்ஜெட்டில் 15 லட்சம் வரை 5, இருபது லட்சம் வரை 8, அதற்கு மேல் 10 சதவீதம் என்று பிரித்தார்கள். ஒரு மாநிலத்தில் வரி கட்டிப் பதிவு செய்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டப்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கூடலூரில் ஓட்டப் போகும் வண்டியைக் கூடலூர் முகவரியில் பதிவு செய்வதுதான் நிம்மதி.

முகவரி விஷயத்தில் மலைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடை சீசனுக்கு எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. மின்சார வண்டிகளுக்கு முன்னுரிமை கொடுக்கும்படியும் நீதிமன்றம் அப்போது சொன்னது. நம் மாவட்டத்துப் பதிவெண்ணான டிஎன் 43 உள்ள வண்டிக்கு இந்த இ-பாஸ் வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மாமா முகவரியில் பதிவு செய்தால் சீக்கிரம் வண்டி கைக்கு வரும் என்று சிலர் செய்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு தடவை மலையேறும்போதும் சாவடியில் நின்று, நான் உள்ளூர்க்காரன் என்று காகிதம் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். மின்சார வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட் என்பதால் யாரும் நிறுத்த மாட்டார்கள் என்பதும் தவறான எண்ணம். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோக மின்வண்டி, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை மின்வண்டி. அந்த நிறம் வண்டி எதில் ஓடுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, எந்த ஊர் வண்டி என்பதைச் சொல்லாது.

சலுகை இப்படி என்றால், கட்டணம் எங்கே வரும்? கோத்தகிரியில் எங்கள் உறவினர் ஒருவரின் மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். அங்கே மின்சாரக் கார் வைத்திருப்பவர் வருடத்துக்கு 200 டாலர் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். 2023 செப்டம்பரில் தொடங்கியது. புதுக் கார் என்றால் முதல் இரண்டு வருடத்துக்குச் சேர்த்து 400 டாலர். ஃபோனில் இதைக் கேட்ட அவள் அப்பா, "நல்ல காரியம் செய்றவங்களுக்கு அபராதமா?" என்று வருத்தப்பட்டார். அதன் காரணம் தெரிந்தால் நம் ஊரில் நாளைக்கு என்ன வரலாம் என்பதும் புரியும்.

அங்கே சாலை போடும் பணத்தில் பெரிய பங்கு பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. பெட்ரோல் போடாத வண்டி அந்த வரியைக் கட்டுவதில்லை, ஆனால் அதே சாலையில்தான் ஓடுகிறது. விட்டுப்போனதை ஈடுகட்டத்தான் அந்த ஆண்டுக் கட்டணம். நம் ஊரிலும் பெட்ரோலில் மாநில வரி உண்டு: 13 சதவீதமும், அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரில் வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டினால் 200 லிட்டர். அந்த 11 ரூபாய் 52 காசு மட்டுமே 2,304 ரூபாய் ஆகிறது. மின்சார ஸ்கூட்டர்காரர் இதைக் கட்டுவதில்லை. அரசுக்குப் பதிவில் 14,400 போனது, வருடாவருடம் இதுவும் போகிறது. மின்சார வண்டி கொஞ்சமாக இருக்கும்வரை அரசு இதைத் தாங்கும். எண்ணிக்கை பெருகினால் வரி விலக்கு மெல்லக் குறையும். கேரளாவும் கர்நாடகாவும் தொடங்கிவிட்டன. அப்படி வந்தாலும் அதைத் துரோகமாக நினைக்க வேண்டாம். பர்லியாறு சாலையில் மழைக்கு மண் சரிந்தால் அதை அள்ளுவதும் அந்த மாதிரிப் பணத்தில்தான்.

இப்போதைக்கு நம் ஊர் மின்வண்டிக்காரருக்கு உண்மையான மாதச் செலவு ஈ.பி. பில்லில்தான் இருக்கிறது. இதைத்தான் நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை. சொந்த வண்டிக்கு வீட்டு மின் இணைப்பிலேயே சார்ஜ் போடலாம், தனி இணைப்பு வாங்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், முதல் 100 யூனிட் எல்லாருக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையுள்ள யூனிட் இரண்டரை ரூபாய்க்கும் குறைவு. 500ஐத் தாண்டினால் அந்த மலிவு விலை போய்விடுகிறது. அந்த நூறு யூனிட்டுக்கே இருநூற்றுச் சொச்சம் ரூபாய் கூடுதலாகிறது. 500க்கு மேல் போகிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல்.

தம்பியின் வீட்டில் பில் 420 யூனிட் ஓடுகிறது. மலையில் கீசர் இல்லாமல் முடியாது, குளிர் மாதத்தில் சில வீடுகளில் ஹீட்டரும் ஓடும். மூன்று யூனிட் பேட்டரியை நிரப்ப, சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்து மூன்றரை யூனிட் வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் இரண்டு மாதத்தில் 30 முறை, அதாவது 105 யூனிட். 420 என்பது 525 ஆகிவிடும். வெறும் 25 யூனிட்டால் 500ஐத் தாண்டுகிறது. கீசரைத் தினமும் கால்மணி நேரம் குறைவாகப் போட்டாலே இரண்டு மாதத்தில் அந்த 25 யூனிட் மிச்சமாகும் என்று அவர் வீட்டில் கணக்குப் போட்டோம். பெட்ரோலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 525 யூனிட் பில்லும் லாபம்தான். ஆனால் அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

மலையேற்றத்துக்கு எவ்வளவு அதிகம் பிடிக்கும் என்பதும் கணக்குப் போடக்கூடியதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 34 கிலோமீட்டர், ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். வண்டியும் ஆளும் சேர்ந்து 180 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் முக்கால் யூனிட் வேண்டும். சமவெளியில் இதே தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் பிடிக்கும் என்றால், மலையேறும்போது இரண்டு யூனிட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இறங்கும்போது மோட்டாரே கொஞ்சம் மின்சாரத்தைத் திரும்பப் பேட்டரியில் ஏற்றும். ஆனால் மேலே முழுதாக நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அதை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்காது. மலையில் இருப்பவர் முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு இறங்குவது நல்ல பழக்கம்.

எந்தச் சலுகைப் பட்டியலிலும் இல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. 2023 கொள்கை மின்வாகன நகரங்களாக ஆறைத் தேர்ந்தெடுத்தது: சென்னை, கோயம்புத்தூர், திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி. ஆறும் சமவெளி ஊர்கள். வண்டியை வாசலில் நிறுத்தி, சன்னல் வழியாக ஒயரை விட்டு சார்ஜ் போடும் வீடுகளை மனதில் வைத்துத்தான் எல்லாத் திட்டமும் வருகிறது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் வீடு ஒரு மட்டத்தில், சாலை இன்னொரு மட்டத்தில். நடுவில் முப்பது படி, நாற்பது படி. எஸ்டேட் லைன் வீடுகளில் வண்டி நிறுத்துகிற இடத்துக்கும் பிளக் இருக்கிற சுவருக்கும் சம்பந்தமே இல்லை. வரி விலக்கில் மிச்சமாகும் 14,400 ரூபாயில் ஒரு பகுதியைச் சாலையோரம் வரை கேபிள் இழுத்து, மழை படாத பெட்டியில் எர்த்தோடு பிளக் வைக்கச் செலவழிக்க வேண்டியிருக்கும். நம் ஊர் மழைக்கு இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. மலை ஊர்களுக்கு என்று ஒரு வரி கொள்கையில் சேர்ப்பதானால், அது சாலையோரப் பொது சார்ஜிங் பாயிண்டாகத்தான் இருக்க வேண்டும். தங்கும் விடுதி நடத்துபவர்களும் இதைச் செய்யலாம். சார்ஜிங் நிலையம் வைக்கத் தனி மின் உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய அரசு 2018இலேயே தெளிவுபடுத்திவிட்டது.

தம்பி கடைசியில் அந்த ஸ்கூட்டரை விட்டுவிட்டு, பேட்டரியைக் கழற்றி எடுக்கக்கூடிய வேறொன்றை வாங்கினார். இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றும் பத்து கிலோவுக்குள். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு முப்பத்தெட்டு படி ஏறுகிறார். போன வாரம் அவர் ஆர்.சி. வந்தது, டிஎன் 43. வரி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். பூஜ்யம்.